சீனாவுல ராஜா மவனா பொறந்தா சொகவாழ்வுதானா? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

அம்பை மைனர்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல இப்ப சீன சீரியல் தமிழ் டப்பிங்லதான் பொழுது போவுது, எங்கப்பா ரிட்டையர்டு ஆளு, அவங்களும் கண்ணாடிய மாட்டிக்கிட்டு போன் முன்னால உக்காந்திருதாவ. அதுல வார இளவரசனுவ எல்லாம் பட்டுல சட்ட போட்டுக்கிட்டு பூந்தோட்டத்துல டீ குடிக்கான், ஒரு பிள்ளையப் பாத்து லவ் பண்ணுதான், நடுவுல ஒரு எபிசோடுல வாள எடுத்து சுத்துதான், மறுபடியும் டீ. ஒருத்தனும் ஒரு சோலி பாத்த மாதிரி தெரியல. நேத்து அப்பா கேக்காவ, "ஏல, ராஜாவுக்கு இருபது மவன் இருந்தா ஒருத்தன்தான ராஜா ஆவான், மிச்சப் பத்தொம்பது பேரு என்னல செய்வான், அவனுக்கு யாருல சம்பளம் குடுப்பா?"ன்னு. நான் படிச்சது மெக்கானிக்கல் டிப்ளமோ, எனக்கு என்னத்த தெரியும்.

நெசமாவே அப்படி சொகமாத்தான் இருந்தானுவளா? காலைல எந்திச்சா ராத்திரி வரைக்கும் என்ன பண்ணுவான்? பட்டம் கெடைக்காதவன் கதி என்ன? கூகுள்ல தேடுனா எல்லாம் ஹீரோ போட்டோவா வருது. தெரிஞ்சவங்க கொஞ்சம் வெளக்கமா சொல்லுங்க அண்ணாச்சி.

பாளை வாத்தியார்:

தம்பி, மொதல்ல ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. சீரியல்ல வாரவனுக்கு முன்மண்டைய செரச்சி பின்னால நீளமா சடை தொங்குதா, இல்ல உச்சில கொண்டையா? சடைன்னா சிங் வம்சம், மஞ்சூரியாக்காரங்க, 1644ல பெய்ஜிங்கப் பிடிச்சி 1912 வரைக்கும் ஆண்டவங்க. கொண்டைன்னா மிங், இல்ல அதுக்கும் முந்தி. ரெண்டுலயும் இளவரசன் பொழப்பு தலைகீழா வேற.

எனக்கு நல்லாத் தெரிஞ்சது சிங் காலம். அங்க நீங்க சொல்லுத டீ குடிக்கிற பார்ட்டுக்கெல்லாம் நேரமே கெடயாது. ஆறு வயசு ஆச்சின்னா அரமனைக்குள்ளயே இருக்க பள்ளிக்கூடத்துக்குப் போயிரணும், விடியுமுன்ன அஞ்சு மணி வாக்குல உள்ள போனா சாயங்காலம் மூணு நாலு ஆவும் வெளிய வர. சீனம், மஞ்சு, மங்கோலியம்னு மூணு பாஷை, அதுக்கு மேல குதிரையும் வில்லும். லீவுன்னா புதுவருசம், டிராகன் படகுத் திருநாள், நடு இலையுதிர் திருநாள், ராஜா பொறந்தநாள், தன் பொறந்தநாள், முடிஞ்சிது. வருசக் கடைசி நாளு அரை நாள் விடுவாங்க. நம்ம பிள்ளைக கால்பரீட்சை லீவு, அரைப்பரீட்சை லீவு, ஆனித் தேருக்கு லோக்கல் லீவுன்னு கணக்குப் போடுறத அந்தப் பயலுவ கேட்டா அழுதிருப்பானுவ.

ஜாவ் யீன்னு ஒரு அதிகாரி, சியான்லோங் பேரரசர் காலத்துல அரமனைல நைட் டூட்டி பாத்தவரு, ஒரு விஷயம் எழுதி வச்சிருக்காரு. விடியுறதுக்கு ரொம்ப முன்னாடி, வேலைக்காரங்க தூணுல சாஞ்சி தூங்கிக்கிட்டு இருக்காங்க, இவருக்கே கண்ணு சொக்குது, அந்த இருட்டுக்குள்ள வெள்ளைத் துணி சுத்துன ஒரு விளக்கு மட்டும் ஒரு வாசல் வழியா உள்ள போவுதாம். என்னன்னு பாத்தா இளவரசனுவ ஸ்கூலுக்குப் போறானுவ!

அதுக்கும் முந்துன காங்ஷி பேரரசர் இன்னும் மோசம். ஒரு பாடத்த 120 தடவ படிக்கணும்னு ரூல். 1687ல நல்ல கோடைல பட்டத்து இளவரசன் யின்ரெங்குக்குப் பாடம் நடக்கு, வயசான வாத்தியாருங்க பக்கத்துல நின்னுக்கிட்டே இருந்து வெயில் தாங்காம கண்ணு சொக்கி விழப்பாத்தாங்கன்னு அரமனைக் குறிப்புல இருக்கு. மாணவன் இளவரசன்ங்கிறதால வாத்தியாருக்குத்தான் நிக்குற தண்டனை. எங்க காலத்துல இதெல்லாம் இல்லாமப் போச்சேன்னு சந்தோசப்பட்டுக்கிடுதேன்.

சம்பளம் கேட்டாங்கல்ல அப்பா. சிங்ல மொத ரேங்க் இளவரசனுக்கு வருசத்துக்கு 10,000 தேல் வெள்ளி, ஒரு தேல் சுமார் 37 கிராம், கூட அரிசி தனி. ரெண்டாவது ரேங்குக்கு 5,000, மூணாவதுக்கு 2,500, நாலாவதுக்கு 1,300. ராஜா மவனா பொறந்த ஒடனே மொத ரேங்க் கெடைக்காது, அப்பன் பாத்துக் குடுக்கணும். குடுத்தாலும் அவன் மவனுக்கு ஒரு படி கம்மி, பேரனுக்கு அதுக்கும் ஒரு படி கம்மி. எறங்காம அப்படியே வச்சிக்கிடலாம்னு சலுகை வாங்குன குடும்பம் சிங் வம்சம் முழுசுக்கும் மொத்தம் 12தான்.

தென்காசி சாரல்:

370 கிலோ வெள்ளியா வே! வருசா வருசம்! மைனர் தம்பி, அப்பாட்ட சொல்லும், இளவரசன் பொழச்சிக்கிடுவான், கவலப்படாண்டாம்னு. வெள்ளி இன்னைக்கு விக்கிற வெலைக்கு நான் 120 தடவ இல்ல, 1,200 தடவ படிக்கேன்.

வள்ளியூர் காத்தாடி:

சாரல் அண்ணாச்சி அவசரப்படாதிய. சிங் கதய சார் சொல்லிட்டாவ, மிங் கதய நான் சொல்லுதேன், எனக்கு அதுலதான் ஆர்வம்.

மிங்க ஆரம்பிச்ச ஜூ யுவான்ஜாங் பரம ஏழை. 1344ல பஞ்சமும் கொள்ளைநோயும் வந்து அப்பா அம்மாவப் பறிகொடுத்து, மடத்துல சேந்து, அங்கயும் சோறு இல்லாம தெருத்தெருவா பிச்சை எடுத்த ஆளு. அந்த ஆளு 1368ல பேரரசர் ஆயிட்டாரு. அவருக்கு 26 மவனுவ. பட்டினி கெடந்தவனுக்கு என்ன தோணும், நம்ம வம்சத்துல இனி ஒருத்தனும் பசின்னு சொல்லக்கூடாதுன்னு தோணும்ல, அதத்தான் சட்டமாவே போட்டாரு. மொதல்ல ஒரு இளவரசனுக்கு வருசத்துக்கு 50,000 ஷி அரிசின்னு வச்சாரு, ஒரு ஷின்னா சுமார் 100 லிட்டர், பொறவு கட்டுப்படி ஆவலன்னு 1395ல 10,000 ஆக்குனாரு. அப்பயும் பத்து லச்சம் லிட்டர்! நம்ம ஆத்துப் பாசனத்துல மூணு போகம் வெளைஞ்சாலும் ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு அளந்து போட முடியுமா.

ஆனா அந்த அரிசிக்கு வெல என்ன தெரியுமா. பையன் வளந்து கல்யாணம் ஆன கையோட தலைநகர விட்டு அவனுக்குன்னு குடுத்த ஊருக்குப் போயிரணும். போனா திரும்பி வரதுக்கு உத்தரவு வேணும். ஊர் எல்லையத் தாண்டவும் உத்தரவு வேணும். அண்ணந்தம்பி ரெண்டு இளவரசன் நேருல சந்திக்கக்கூடாது. படிச்சி பரீட்சை எழுதி வேலைக்குப் போவக்கூடாது, வெவசாயம் கூடாது, கைத்தொழில் கூடாது, வியாபாரம் கூடாது, வம்சம் முடியப்போற காலத்துலதான் இதக் கொஞ்சம் தளத்துனாங்க. பிள்ளை பொறந்தா பேரு வைக்கவே தலைநகர்ல இருந்து அனுமதி வரணும், கல்யாணத்துக்கும் அப்படித்தான். கோயில் யானைக்கு நெத்திப்பட்டம் உண்டு, கவளம் உண்டு, கும்புட ஆளு உண்டு, காலுல சங்கிலியும் உண்டுல்லா, அதேதான். சோறு உண்டு, சோலி கெடயாது.

சோலி இல்லாதவன் என்ன செய்வான், பிள்ளையாப் பெத்துத் தள்ளுனான். அந்தப் பிள்ளைக்கும் சட்டப்படி அரிசி, அவன் பிள்ளைக்கும் அரிசி. 1562ல லின் ருன்னு ஒரு அதிகாரி ராஜாவுக்கு மனு எழுதுதாரு, தலைநகருக்கு வருசத்துக்கு வார தானியம் 40 லச்சம் ஷி, ராஜ குடும்பத்துக்குக் குடுக்க வேண்டியது 85 லச்சத்து 30 ஆயிரம் ஷின்னு. எங்க இருந்து குடுக்க? மேலாவுல இருக்கவன் வாங்கிட்டுப் போயிருவான், அஞ்சாவது ஆறாவது தலமொற ஆளுக்கு வராது. ஆபீஸ்ல லஞ்சம் குடுக்க வக்கில்லாம, மனு கெடப்புல கெடந்து, பேரே வைக்காம கெழவன் ஆனவங்க உண்டு, கல்யாணம் ஆவாமக் கெடந்தவங்க உண்டு. ஒடம்புல ஓடுறது ராஜ ரத்தம், வயித்துக்கு இல்ல, வேலைக்கும் போவக்கூடாது. இத எந்த சீரியல்லயும் காட்ட மாட்டான்.

அம்பை மைனர்:

யப்பா, பேரு வைக்க லஞ்சமா! அப்பாட்ட வாசிச்சிக் காட்டுனேன், "தாலுகா ஆபீஸ் அங்கயும் உண்டா"ன்னு சிரிக்காவ. சார் கேட்டதுக்கு பதில், எங்க சீரியல்ல கொண்டைதான். ஆனா அந்தப் பய ஒரே எபிசோடுல மூணு ஊரு சுத்துதான், எவன்ட்டயும் உத்தரவு வாங்குன மாதிரி தெரியல. சரி, பட்டத்துக்கு அடிச்சிக்கிட்ட கதயச் சொல்லுங்க, அப்பாவுக்கு அதான் வேணுமாம்.

தென்காசி சாரல்:

அடிச்சிக்கிடாம இருந்தாத்தான் அதிசயம். நம்ம பாண்டிய நாட்டுலயே 1310 வாக்குல சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் மோதுனாவ, அடுத்த வருசமே மாலிக் கபூர் வந்து நின்னான். இதுல சீனாக்காரனச் சொல்லி என்ன.

ஆனா காத்தாடி தம்பி, உம்ம யானைக் கணக்க நான் ஒத்துக்கிட மாட்டேன். சங்கிலிய அத்தவனும் இருக்காம்லா. அந்த ஜூ யுவான்ஜாங்குக்கே நாலாவது மவன் ஜூ டி, வடக்க பெய்ஜிங் பக்கம் ஊரும் படையும் குடுத்து வச்சிருந்தாவ. அப்பன் செத்து அண்ணன் மவன் பட்டத்துக்கு வந்து சித்தப்பன்மாரு அதிகாரத்த ஒவ்வொண்ணாப் புடுங்கவும், இவன் 1399ல கெளம்பி 1402ல அப்பத்த தலைநகர் நாஞ்ஜிங்கப் பிடிச்சி ராஜா ஆயிட்டான். டாங் வம்சத்துல லீ ஷிமின் 626ல அரமனை வாசல்லயே வச்சி அண்ணனையும் தம்பியையும் போட்டுத் தள்ளிட்டு அப்பன எறக்கி உக்காரல? அவரத்தான் இன்னைக்கும் பெரிய ராஜான்னு கொண்டாடுதாவ.

பாளை வாத்தியார்:

சாரல் சொன்ன ரெண்டும் நடந்தது. ஆனா ஜூ டி ராஜா ஆன பொறவு மொத வேலையா என்ன செஞ்சாரு, மத்த இளவரசனுவகிட்ட மிச்சம் இருந்த படையப் புடுங்குனாரு. தான் ஏறி வந்த ஏணிய அடுத்தவனுக்கு வச்சிட்டா போவாரு? காத்தாடி சொன்ன கெடுபிடி எல்லாம் அதுக்குப் பொறவுதான் முறுக்கேறுச்சி. டாங்லயும் பின்னாடி ஷுவான்ஜோங் பேரரசர் தன் மவன்மார எல்லாம் தலைநகர்ல ஒரே வளாகத்துல குடியேத்தி காவல் போட்டு வச்சாரு, 737ல ஒரே நாள்ல பட்டத்து இளவரசன் உள்பட மூணு மவன்மாரச் சாவடிச்சாரு.

பட்டத்துச் சண்டைன்னா காங்ஷி வீட்டுக் கததான் கத. பொறந்த ஆண் பிள்ளை 35, அதுல வரிசை நம்பர் வாங்குனது 24. யின்ரெங் 1674ல பொறக்கும்போதே மகாராணி எறந்துட்டாங்க. அந்தப் பாசத்துல ரெண்டு வயசு நெறையுமுன்ன அவன பட்டத்து இளவரசன்னு அறிவிச்சாரு. ஆனா அப்பன் மொத்தம் 61 வருசம் ஆண்டாரு. நெனச்சிப் பாருங்க, இவன் முப்பது தாண்டியும் வெய்ட்டிங் லிஸ்டுல. சுத்தி கூட்டம் சேந்தாச்சி, இவன் கூட்டம் ஒரு பக்கம், எட்டாவது மவன் யின்சி கூட்டம் ஒரு பக்கம்.

1708ல எல்லாரும் வடக்க வேட்டைக்குப் போயிருக்காங்க. கூட வந்த பதினெட்டாவது மவன், சின்னப் பய, வழியிலயே நோவுல எறந்துட்டான். யின்ரெங் மொகத்துல ஒரு வருத்தமும் காணல. அதுபோக ராத்திரி அப்பன் கூடாரத்துக்கு வந்து கிழிசல் வழியா உள்ள எட்டிப் பாக்கான்னு பேரரசருக்குச் சந்தேகம். இன்னைக்கு ஒருத்தன் விஷம் வைப்பானா, நாளைக்கு ஒருத்தன் குத்துவானான்னு பயந்தே கெடக்கேன்ங்கிற மாதிரி எல்லாரையும் முட்டி போட வச்சி அழுதுக்கிட்டே பதவியப் பறிச்சாரு, அழுது தரையிலயே விழுந்துட்டாரு. மூத்தவன் ஒருத்தன் இதுதான் சாக்குன்னு, அவனக் கொல்லணும்னா உங்க கைய அழுக்காக்காண்டாம்னு அப்பன்ட்டயே சொன்னான். கொஞ்ச நாள்ல அந்த மூத்தவனே லாமா ஒருத்தர வச்சி தம்பிக்குச் செய்வினை செஞ்சான்னு மாட்டி, 1735ல சாவுற வரைக்கும் அடைபட்டுக் கெடந்தான். யின்ரெங்குக்கு 1709ல பட்டம் திரும்பக் கெடச்சது, 1712ல மறுபடியும் போச்சி, 1725ல காவல்லயே செத்தான்.

1722ல ஜெயிச்சது யாருமே பெருசா எதிர்பாக்காத நாலாவது மவன், யோங்ஜெங். வந்ததும் எட்டாவதையும் ஒம்பதாவதையும் வம்சப் பட்டியல்ல இருந்தே தூக்கி, பேர மாத்தி, ரெண்டு பேரும் 1726ல காவல்லயே செத்தாங்க. ஒழுங்கா ஒத்தாசையா இருந்த பதிமூணாவது தம்பி யின்ஷியாங்குக்கு மட்டும் நிதி, நீர்ப்பாசனம்னு பெரிய பொறுப்பு. நான் சொன்ன அந்த 12 குடும்பத்துல அவர் குடும்பமும் ஒண்ணு. அதான் சிங்குல சோலி உண்டு, ஆனா ராஜா மனசு கோணாம இருக்கணும்.

தான் பட்ட பாடு போதும்னு யோங்ஜெங் 1723ல ஒரு ஏற்பாடு செஞ்சாரு. வாரிசு பேர எழுதி ஒரு பெட்டில போட்டு சீல் வச்சி, அரமனைல அவ்வளவு ஒசரத்துல மாட்டியிருக்க பெரிய பலகைக்குப் பின்னால வச்சிட்டாரு. யாரு பேருன்னு பிள்ளைக யாருக்கும் தெரியாது. எல்லாப் பயலும் நல்ல பிள்ளையா நடந்துதான் ஆவணும். 1735ல தொறந்து பாத்தா சியான்லோங்.

சேரன்மாதேவி செல்வி:

ஆம்பளைங்க எல்லாரும் பட்டம், படை, வெள்ளின்னே பேசுதிய. பெத்தவ எங்க?

அந்த யோங்ஜெங் பொறக்கும்போது அம்மாவுக்கு அரமனைல ரேங்க் கம்மி, அதனால பிள்ளைய ஒசந்த ரேங்க்ல இருந்த இன்னொரு ராணிகிட்ட குடுத்து வளக்க வச்சாவ. பெத்தவளுக்கு அப்புறமா பொறந்த பதினாலாவது மவன் மேலதான் உசிரு. அந்தப் பதினாலாவதுதான் 1718ல திபெத் சண்டைக்குத் தளபதியாப் போயி பேரு வாங்குனவன், பட்டம் அவனுக்குன்னுதான் பாதிப் பேரு நெனச்சிருந்தாவ. ஒரே வயித்துல பொறந்த அண்ணன் ராஜா ஆனதும் தம்பிய அப்பன் சமாதிக்குக் காவலுக்கு அனுப்பிட்டான், பொறவு அடைச்சே வச்சான். அந்த அம்மா 1723லயே போய்ச் சேந்துட்டா. சின்னவன வெளிய விட்டது 1735ல சியான்லோங் வந்த பொறவுதான். மவன் ராஜா ஆயும் அந்தப் பொம்பளைக்கு என்ன கெடச்சிதுங்க.

காங்ஷியே சின்னதுல அம்மைக்குப் பயந்து அரமனைக்கு வெளிய தாதிமாருகிட்ட வளந்தவருதான். அம்மை வந்து பொழச்சிட்டதாலதான், இனிமே அவருக்கு வராதுன்னு, அவரப் பட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தாவ. நம்ம பக்கம் அம்மை எறங்குனா மாரியம்மனுக்குக் கஞ்சி ஊத்துவோம், அங்க பட்டமே எறங்கியிருக்கு.

அம்பை மைனர்:

அக்கா சொன்னத அம்மா கேட்டுட்டு "அதச் சொல்லு"ங்காவ. கடைசியா ஒண்ணு, இவ்வளவு சோறு தின்னவனுவள்ல ஒருத்தனாச்சும் உருப்படியா ஏதாவது செஞ்சிருக்கானா?

வள்ளியூர் காத்தாடி:

இதுக்குத்தான காத்துக்கிட்டு இருந்தேன். ஜூ ஜாய்யூ, 1536ல பொறந்தவரு, மிங் இளவரச வம்சம், ஹெனான் பக்கம். இவர் அப்பா, பேரரசர் ஜியாஜிங்க நீங்க பூசை புனஸ்காரம்னு நாட்டக் கவனிக்கலன்னு கண்டிச்சி எழுதிட்டாரு. சும்மா விடுவாங்களா, பதவியப் பறிச்சி அடைச்சாச்சி. மவன் என்ன செஞ்சாரு, அரமனை வாசலுக்கு வெளிய மண் குடிசை போட்டு, வைக்கோல் பாயில படுத்து, அப்பா வார வரைக்கும் உள்ள வர மாட்டேன்னு உக்காந்துட்டாரு. 19 வருசம்னு மிங் வரலாற்றுல இருக்கு. 1567ல புது ராஜா வந்து அப்பாவ விட்ட பொறவுதான் உள்ள போனாரு.

குடிசைல உக்காந்து பாட்டும் கணக்குமா இருந்தவரு, ஒரு ஸ்தாயிய 12 சமப் பங்காப் பிரிக்கது எப்படின்னு பெரிய மணிச்சட்டத்துல தட்டித் தட்டி 25 இலக்கம் வரைக்கும் கண்டுபிடிச்சி 1584ல எழுதிட்டாரு. 1.059463ன்னு ஆரம்பிக்கும் அந்த நம்பர். இன்னைக்கு கீபோர்டுல ஒவ்வொரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள கணக்கு அதான். (கமகம் வராதுன்னு ஆர்மோனியத்த 1940ல ரேடியோவுல தடை பண்ணுன ஆளுங்க நாம, அது தனிக் கத.) அப்பா எறந்ததும் பட்டம் இவருக்குத்தான் வரணும். வேண்டாம்னு ஏழு தடவ மனு எழுதி, ஒரு வழியா வேற கிளைக்கு விட்டுக் குடுத்துட்டு, 1611ல காலமானாரு. பேரு வைக்க மனு எழுதுனவங்க கதய முன்னால சொன்னேன்ல, இவரு பட்டம் வேண்டாம்னு மனு எழுதியும் வருசக்கணக்கா இழுத்தடிச்சிருக்காங்க.

சேரன்மாதேவி செல்வி:

இன்னொருத்தர் ஜூ சு. ஜூ டிக்குத் தம்பி, கைஃபெங்ல இருந்தவரு. அண்ணன் மவன் ராஜாவா இருந்தப்ப இவர யுன்னானுக்கு நாடு கடத்தியிருந்தாவ, 1402க்குப் பொறவு திரும்பி வந்தாரு. வந்து பஞ்ச காலத்துல சனங்க எதத் தின்னு உசிரு பொழைக்கலாம்னு செடி செடியாச் சேத்து, தோட்டத்துல வச்சி வளத்துப் பாத்து, படம் வரைய வச்சி, 1406ல புஸ்தகமாப் போட்டாரு. 414 செடி. எது கசக்கும், எத எத்தன தண்ணி மாத்தி ஊற வச்சா கசப்பு போவும்னு சமையக் குறிப்போட. எங்க ஆச்சி தாது வருசப் பஞ்சத்துல கத்தாழைக் கெழங்கத் தோண்டி வேவ வச்சித் தின்ன கதய அவ பாட்டி சொன்னதாச் சொல்லுவா. அப்பன் பிச்சை எடுத்தத மறக்காத மவன் இவருதான்னு நான் நெனப்பேன்.

தென்காசி சாரல்:

சரிதான், இவங்க ரெண்டு பேருக்கும் ஒரு வணக்கம். 1912க்குப் பொறவு அந்த 12 குடும்பமும் என்ன ஆச்சின்னு யாராச்சும் சொல்லிட்டீயன்னா நான் கடையச் சாத்திட்டுப் போவேன்.

பாளை வாத்தியார்:

எல்லாருக்கும் ஒரே கதி இல்ல. சொத்த வித்துத் தின்னவங்கதான் ஜாஸ்தி. அதுல ஒரு குடும்பம் குங் இளவரசர் குடும்பம், அந்த மாளிகை பெய்ஜிங்ல இப்பயும் இருக்கு, டிக்கெட் எடுத்து உள்ள போய்ப் பாக்கலாம். அந்த வீட்டுப் பேரன் பூ ரு, 1896ல பொறந்தவரு, அவருக்குத் தெரிஞ்சது தூரிகை ஒண்ணுதான். படம் வரைஞ்சி பேரு வாங்கி, பொறவு தைவானுக்குப் போயி, அங்க காலேஜ்ல ஓவிய வாத்தியாரா இருந்து 1963ல காலமானாரு. அவர் வரைஞ்ச மலைப் படம் ஒண்ணு ரெண்டு நெட்லயே கெடைக்கும், தேடிப் பாருங்க, நல்லா இருக்கும்.